வாழ்த்து எழுதாத அட்டை

யுகேந்திரனுக்கு மீசையும் பெரிது, கையும் பெரிது. முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, கப்பலில் இருந்த கண்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி லாரியில் இறக்கிய கை. அந்தக் கை இப்போது ரோஸ் நிறத் தாளில் வண்ணத்துப்பூச்சி வெட்டிக்கொண்டிருந்தது. ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டின் சன்னல் திரையை அவர் பட்டப்பகலில் இழுத்து மூடியிருந்ததற்கு அதுதான் காரணம். நடைபாதையில் போகிற யாராவது எட்டிப் பார்த்துவிட்டால் மானம் கப்பலேறிவிடும் என்று அவருக்குப் பயம்.

பழி, பாசார்ச் சந்தையில் மீன்கடைக்காரர் கொட்டிய தண்ணீரின் மேல்தான். அதில் வழுக்கி விழுந்து அவர் மனைவி சந்திரிகாவின் வலது மணிக்கட்டு முறிந்தபோது தீபாவளிக்கு மூன்றே வாரம் இருந்தது. சந்திரிகா கையாலேயே வாழ்த்து அட்டை செய்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மேசை போட்டு விற்கிறவள். இந்த வருடம் ஒரு பல் மருத்துவர் தன்னிடம் வருகிறவர்களுக்கெல்லாம் அனுப்ப மொத்தமாக அட்டை கேட்டிருந்தார். வாக்குக் கொடுத்தாயிற்று. கையிலோ மாவுக்கட்டு.

"நீங்க பஞ்ச் அடிங்க, நான் இடது கையால ஒட்டிக்கிறேன்," என்றாள்.

யுகேந்திரன் மறுக்க வாயைத் திறந்தார். அவள் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

பார்டர் பஞ்ச் என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். அதன் வாயில் தாளின் ஓரத்தைச் செருகி மேலே ஓர் அழுத்து அழுத்தினால், ஓரம் சரிகை போல வெட்டுப்பட்டு வரும். கொடி, இலை, வண்ணத்துப்பூச்சி என்று ஒவ்வொரு பஞ்சுக்கும் ஒரு வடிவம். வெட்டியது முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கவேண்டும். அதற்காகவே பஞ்சின் மேல் வடிவத்தை அச்சடித்திருப்பார்கள். வெட்டிய வடிவத்தை அச்சடித்த வடிவத்தின் மேல் சரியாகப் பொருத்தி மறுபடி அழுத்தவேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மூலைக்கு வரும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு ஓரம் அரைப் பூச்சியோடு வந்து நிற்கும், மறு ஓரம் முழுப் பூச்சியோடு வந்து அதை முட்டும்.

முதல் நாள் அவர் வீணாக்கிய தாளை வைத்து ஒரு கல்யாணத்துக்கே தோரணம் கட்டியிருக்கலாம்.

"மூலையிலேருந்து ஆரம்பிக்காதீங்க. நடுவுல ஒண்ணு அடிச்சிட்டு ரெண்டு பக்கமும் போங்க," என்று சந்திரிகா சொல்லிக்கொடுத்தாள். அதன் பிறகு மூலைகள் சேர ஆரம்பித்தன. ஒரு வாரத்தில் மனிதருக்குத் தலைக்கனமே வந்துவிட்டது. முடித்த அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தானே பார்த்துத் தானே மீசையைத் தடவிக்கொண்டார். திரையை மட்டும் திறக்கவில்லை.

அந்த நேரங்களில் அவருக்குப் புவனேஸ்வரன் ஞாபகம் வந்தது. கிரேனின் கூண்டு வெகு உயரத்தில் இருக்கும். கீழே நின்றுகொண்டு வாக்கி-டாக்கியில், "இடது, இன்னும் இடது, போதும், எறக்கு," என்று சொல்கிற சிக்னல்மேன் புவனேஸ்வரன். இருபது வருடம் அந்தக் குரல் காதுக்குள்ளேயே இருந்தது. பெண்டாட்டி சொல்லைக்கூட யுகேந்திரன் இரண்டு முறை யோசித்துத்தான் கேட்பார். அந்தக் குரல் 'எறக்கு' என்றால் இறக்கிவிடுவார்.

இப்போது அந்தக் குரல் இல்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். போன தைப்பூசத்துக்கு இருவரும் எப்போதும் போலத் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். புவனேஸ்வரன் விடியுமுன் எழுந்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் இடித்து, அண்டா நிறைய மோர் கலக்கி வைத்திருந்தார். யுகேந்திரன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் லாரி நிறையப் பாக்கெட் பானம் இறக்கினார். சனம் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனது. சாயங்காலம் மோர் சாக்கடையில் போனது. "யாரு இப்ப மோர் குடிக்கிறா?" என்று யுகேந்திரன் எல்லார் முன்னாலும் கேட்டார். அதோடு பேச்சு நின்றது.

நின்ற பேச்சு ஒரு மாதத்தில் தானாகத் தொடங்கியிருக்கும். ஆனால் மே மாதம் புவனேஸ்வரனின் மனைவி ஜெகதீஸ்வரி காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. யுகேந்திரன் போனார். கூட்டத்தின் பின்னால், செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் நின்றார். புவனேஸ்வரன் தலை நிமிரவில்லை. சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம். சொல்ல வாய் வராதவருக்கு அது நல்ல சாக்காகப் போயிற்று. பேசாமல் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்குப் போவது இன்னும் கொஞ்சம் கடினமாகிக்கொண்டே வந்தது.

பல் மருத்துவரின் அட்டைகள் முடிந்ததும் சந்திரிகா தன் சொந்தபந்தங்களுக்கு அனுப்பும் அட்டைகளை எடுத்து வைத்தாள். மகன் போன வருடம் அச்சடித்துக் கொடுத்த முகவரி ஒட்டிகளில் ஒரு தாள் மிச்சம் இருந்தது.

"ஜெகாவோடத மட்டும் எடுத்து வெச்சிருங்க. துக்க வீடு. இந்த வருஷம் அவங்களுக்குத் தீபாவளி இல்ல," என்றாள்.

"தெரியும், தெரியும்," என்றார் யுகேந்திரன், கையில் இருந்த அட்டையின் மூலையை ரசித்தபடி.

அதுதான் வினை. ஒட்டுகிற வேகத்தில் எல்லாவற்றையும் ஒட்டி, திங்கட்கிழமை தபால்பெட்டியில் போட்டுவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு வீடு வந்தார். புதன்கிழமை மேசையை ஒழுங்கு செய்த சந்திரிகா வெறுமையாக இருந்த ஒட்டித் தாளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஜெகாவோடது எங்க?"

யுகேந்திரன் ஒட்டித் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போய்ச் சேர்ந்த பெண்ணின் பெயர் போட்டு, உள்ளே பொன்னெழுத்தில் 'இனிய தீபாவளி வாழ்த்துகள்' என்று அச்சடித்து, சுற்றிலும் பூச்சிகள் பறக்க ஓர் அட்டை. அதுவும் யாரிடமிருந்து? சாவுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் போன ஆளிடமிருந்து. தபால் நிலையத்துக்கு ஓடினார். முகப்பில் இருந்த பெண், போட்டது போட்டதுதான் என்று இரக்கத்தோடு சொன்னாள்.

"ஃபோன் போட்டுச் சொல்லிருங்களேன்," என்றாள் சந்திரிகா.

எண்ணை அழுத்தினார். மணி அடிக்குமுன் வெட்டினார். எட்டு மாதம் கழித்துக் காதில் விழும் முதல் பேச்சு, 'ஒரு கார்டு வரும், கிழிச்சுப் போடு' என்பதாகவா இருக்கவேண்டும்? நேரில்தான் போகவேண்டும். வெறுங்கையோடு போகவும் மனம் வரவில்லை. அலமாரியில் துழாவி, ஜெகதீஸ்வரி விரும்பிக் கட்டும் சேலை நிறத்தில் ஒரு பச்சை அட்டையை எடுத்தார். இலைக்கொடி பஞ்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"துக்க வீட்டுக்கு என்னா கார்டுங்க? என்னான்னு எழுதுவீங்க?"

"எழுதல."

சந்திரிகா இடது கையால் மேசை விளக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஆனால் அன்றைக்கு அந்தக் கைக்கு நிதானம் இல்லை. ஒன்று கிழிந்தது, ஒன்று கோணியது. மறுநாள் காலை தபால்காரருக்கு முந்திப் போகவேண்டுமே என்று மோட்டார் சைக்கிளை எடுத்தபோது, மூன்று ஓரம்தான் முடிந்திருந்தது. அட்டையையும் பஞ்சையும் பையில் போட்டுக்கொண்டு ஃபெர்ரி ஏறினார். புவனேஸ்வரன் வீடு அக்கரையில், பட்டர்வொர்த்தில்.

ஃபெர்ரியில் வேலைக்குப் போகிற கூட்டம் முழுவதும் இருந்தது. யுகேந்திரன் ஒரு முறை சுற்றிலும் பார்த்தார். பிறகு, திரை போட்டு இரண்டு வாரம் காப்பாற்றிய மானத்தை மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சை எடுத்து டக் டக்கென்று அடிக்கத் தொடங்கினார். எதிரே இருந்த பள்ளிப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"யுகேந்திரன் அண்ணே?" என்று ஒரு குரல். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஹாஃபிஸ், ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். "அது என்னா சாமான்ணே?"

"பஞ்ச்."

"யாருக்கு?"

"நம்ம புவனேஸுக்கு."

கிண்டல் வரும் என்று யுகேந்திரன் காத்திருந்தார். ஹாஃபிஸ் சிரிக்கவில்லை. மோர்ச் சண்டையும் தெரியும், மே மாதமும் தெரியும் அவனுக்கு. பக்கத்தில் உட்கார்ந்து, "ஃபெர்ரி ஆடுது லா, அண்ணே. நான் அட்டயப் புடிச்சுக்கிறேன், நீங்க அடிங்க," என்றான்.

இருவரும் தலையைச் சேர்த்துக் குனிந்துகொண்டு வேலை செய்தார்கள். கடைசி இலைக்கு அழுத்தும்போது ஃபெர்ரி துறையில் முட்டியது. மூலையில் கொடி அரை இலை தள்ளி விழுந்தது.

புவனேஸ்வரன் வீட்டு வாசல் கேட்டருகில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது; சட்டை தோளில் தொங்கியது. மோட்டார் சத்தத்துக்குத் திரும்பினார்.

ஃபெர்ரியில் யோசித்து வைத்ததெல்லாம் யுகேந்திரனுக்கு மறந்துபோயிற்று. "புவனேஸ், ஒரு தப்பு நடந்துபோச்சு. தபால்ல ஒரு தீபாவளி கார்டு வரும், ஜெகா பேர் போட்டு. போன வருஷ லேபிள். ஒட்டாதீங்கன்னு சந்திரிகா சொன்னா, நாந்தான் காதுல வாங்கல. வந்தா தொறக்காதே. எங்கிட்ட குடுத்துரு."

"நேத்தே வந்துருச்சு," என்றார் புவனேஸ்வரன்.

யுகேந்திரன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். புவனேஸ்வரன் தண்ணீரை மூடிவிட்டு வீட்டுக்குள் நடந்தார். வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. யுகேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனார்.

ஜெகதீஸ்வரியின் படத்துக்குக் கீழே, விளக்கின் பக்கத்தில், அந்த உறை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பெயர் தெரிகிற பக்கம் முன்னால் இருந்தது.

"பேங்க், இன்சூரன்ஸ், கவர்மெண்டு," என்றார் புவனேஸ்வரன். "இந்த அஞ்சு மாசமா எவன் கடுதாசி போட்டாலும் காலமான ஜெகதீஸ்வரின்னுதான் போடறான். இது ஒண்ணுலதான் அவ பேரு சும்மா அவ பேரா வந்துச்சு." உறையைத் தொட்டு நேராக்கினார். "தொறந்து பாக்கல. பேர மட்டும் படிச்சேன். ரெண்டு மூணு தடவ படிச்சேன்."

யுகேந்திரன் அழக்கூடாது என்று நினைத்தார், அழுதார். மீசை நனைந்தது. "அன்னைக்கு நான் வந்தேன் புவனேஸ். செருப்புக்கிட்டயே நின்னுட்டேன்."

"பாத்தேன்."

வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல் யுகேந்திரன் பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்து நீட்டினார். புவனேஸ்வரன் அதைத் திறந்தார், மூடினார், பின்பக்கம் பார்த்தார்.

"ஒண்ணுமே எழுதல?"

"என்னா எழுதறதுன்னு தெரியல."

புவனேஸ்வரன் அட்டையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஓரத்தை ஒரு கண்ணால் அளந்தார். கப்பல் பெட்டியைப் பார்க்கிற அதே பார்வை. "மூலை சேரலயே."

"ஃபெர்ரி முட்டிருச்சு."

"ஃபெர்ரி மேல பழி போடாதே லா. நான் கீழ நின்னு சொல்லாம நீ எப்ப ஒழுங்கா எறக்கியிருக்க?"

எட்டு மாதத்தில் முதல் முறையாக யுகேந்திரனுக்கு மூச்சு முழுதாக வந்தது. பையிலிருந்து பஞ்சை எடுத்து மேசைமேல் வைத்தார். புவனேஸ்வரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோல் கொண்டுவந்து, கோணிய ஓரத்தை அவரே நேராக வெட்டி எடுத்தார். பிறகு கண் மேசை மட்டத்துக்கு வரும்படி தரையில் குந்தினார். யுகேந்திரன் அட்டையைப் பஞ்சின் வாயில் நடுவாகச் செருகினார்.

"இடது," என்றார் புவனேஸ்வரன். "இன்னும் இடது. ஒரு நூல். போதும். எறக்கு."

யுகேந்திரன் அழுத்தினார். அந்தக் குரல் சொல்லச் சொல்ல நகர்த்தினார், அழுத்தினார். நான்காவது மூலையில் இலையும் இலையும் ஒன்றாகச் சேர்ந்தன. புவனேஸ்வரன் அட்டையை எடுத்துப் போய் உறையின் பக்கத்தில் நிறுத்தினார்.

தேநீர் குடித்தார்கள். பாதிக் கோப்பையில் யுகேந்திரன், "மோர் விசயத்துல நான் ஒன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும்," என்றார்.

"கேட்டிருக்கணும்," என்றார் புவனேஸ்வரன், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல். பிறகு, "இந்தப் பூசத்துக்கு நான் வரமுடியாது. வருசம் திரும்பட்டும். அடுத்த பூசத்துக்குப் போடலாம். மோர்தான்."

"மோர்தான்," என்றார் யுகேந்திரன்.

வெளியே வந்து செருப்பை மாட்டினார். துக்கம் கழியாத வீடாயிற்றே என்று, வழக்கத்தை மதித்து, ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் மோட்டாரில் ஏறினார்.

"யுகா," என்று கேட்டருகிலிருந்து குரல் வந்தது. "அன்னைக்கும் சொல்லாமத்தான் போன. அது சாவு அன்னைக்கு, சரி. இன்னைக்குச் சொல்லிட்டுப் போ."

யுகேந்திரன் மோட்டாரை அணைத்தார். இறங்கி, கேட்டு வரைக்கும் திரும்பி நடந்து வந்தார்.

"வரேன்," என்றார்.