உள்பாக்கெட்டில் ஒரு பெருக்கல் குறி

“குட்டி, இது அசல்தானே?”

அண்ணி அப்படிக் கேட்டபோது அவளுடைய கைப்பை என் மடியில் கிடந்தது. ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டதென்று கொடுத்திருந்தாள். ஒரு வருடம் வெளியூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது அண்ணன் கொண்டுவந்த பை. அதைத் தலையணை உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்திருப்பாள். தன் அக்கா வீட்டுக்குப் போகும்போது மட்டும் வெளியே எடுப்பாள். அந்த வீட்டில் அண்ணனை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. “இத தோள்ல மாட்டிட்டுப் போனாத்தான் எங்கக்கா வாய மூடிட்டு இருக்கா” என்பாள்.

எங்கள் பட்டறையில் போலிப் பைகளை வெட்டிப் பொம்மை செய்கிறோம். பெரிய கம்பெனி முத்திரை குத்திய போலிகள் மூட்டை மூட்டையாக வரும். பையின் கொக்கி தவளைக்கு வாயாகும். வரிசையாக அச்சடித்த முத்திரை மீனுக்குச் செதிலாகும். கழுத்தில் ‘நான் அசல் தவளை’ என்று ஓர் அட்டை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் படித்துச் சிரித்து வாங்கிப் போவார்கள். அந்தத் தவளை நான் நோட்டில் ஒளித்து ஒளித்து வரைந்தது. வெட்டுகிற மாஸ்டர் அக்கா ஒருநாள் பார்த்துவிட்டாள். “அடி ஊமச்சி, நீ பேசாததெல்லாம் இது பேசுதேடி” என்றாள்.

மூட்டையில் எப்போதாவது ஓர் அசலும் கலந்து வந்துவிடும். அதனால் தையலையும் லைனிங்கையும் பார்த்துப் பிரிப்பது என் வேலை. போலி என்று தெரிந்தால் உள்பாக்கெட்டில் நீலச் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. குறி இல்லாததில் மாஸ்டர் அக்கா கத்தரி வைக்க மாட்டாள்.

அண்ணியின் பை வீட்டுக்கு வந்த அன்றே அது போலி என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். “அவகிட்ட உளறிடாத” என்றவன், “நீ எங்க உளறப்போற” என்று தானே சிரித்துக்கொண்டான். எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்து எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அண்ணி கேட்டதற்கும் ஆமென்று தலையைத்தான் ஆட்டினேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே போனாள். ஜிப்பைச் சரிசெய்து வைத்தேன்.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் வாசலில் நின்று விரலைப் பார்த்தாள்.

“உள்ள ஏதோ நீலமா ஒட்டுது குட்டி. சாயம் போகுதா என்ன?”

சாக்கட்டி எப்போதும் என் சட்டைப் பையில் கிடக்கும். எப்போது எடுத்தேன், எப்போது குறி போட்டேன், நினைவே இல்லை. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்திருந்தால் போதும். ‘குடுங்க அண்ணி’ என்று சொல்ல வாய் வரவில்லை. பழக்கத்தில் கை தானாகப் போட்டதா, வாய் சொல்லாததைக் கை சொல்லிவிட்டதா என்று அன்று முழுக்க யோசித்தேன். இப்போதும் தெரியவில்லை.

மத்தியானம், காலையில் மறந்து எடுத்துப்போன வீட்டுச் சாவியைக் கொடுக்க அண்ணி பட்டறைக்கே வந்துவிட்டாள். அதுவரை அவள் அந்தப் படியேறியதில்லை. மேசையில் குவிந்து கிடந்த பைகளை ஆசையாகப் பார்த்தாள். மாஸ்டர் அக்கா ஒன்றை எடுத்து உள்பாக்கெட்டை வெளியே இழுத்தாள். “இதென்னக்கா, நீலமா?” என்று அண்ணி கேட்டாள்.

“இதுவா? போலின்னு அர்த்தம். எல்லாம் உங்க நாத்தனார் போடறதுதான். இவ கண்ணு தப்பவே தப்பாது.”

என்னை யாராவது புகழ்ந்தால் தலை குனிந்துகொள்வேன். அன்றும் குனிந்தேன்.

அண்ணி தன் பையைத் திறந்தாள். உள்பாக்கெட்டை மெதுவாக வெளியே இழுத்துப் பார்த்தாள். பிறகு சீப்பு, கைக்குட்டை, பஸ் டிக்கெட், அண்ணனின் சின்னப் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டாள். பையை மற்ற பைகளின் மேல், நேராக நிற்கும்படி வைத்தாள். சாவியை என் கையில் வைத்தபோது அவள் விரலில் இருந்த நீலம் என் உள்ளங்கையில் ஒட்டியது. கவரை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.