கீழ் வரிசையில் ஒரு பாட்டில்

முதல் பாட்டிலின் முதல் வாயை ஆர்டித் சமையலறைத் தொட்டியில் துப்பினாள். குழாயைத் திறந்துவிட்டு, சிவப்பு நிறம் முழுவதும் ஓடி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மிச்சமிருந்த கோப்பையை என்னிடம் நீட்டினாள்.

"இந்தா க்ளெம், ரொட்டியில தடவிக்க. நல்ல ஜாம்."

துப்புவது என் மனைவிக்குப் புதிதல்ல. செனகா ஏரியின் மேற்குக் கரையில் ஓர் ஒயின் ஆலையில் சுவை பார்த்தே அவள் தலை நரைத்தது. பீப்பாய் பீப்பாயாகப் போய் ஒரு வாய் எடுப்பாள், நாக்கில் உருட்டுவாள், தரையில் இருக்கும் வடிகாலில் குறி தவறாமல் துப்புவாள். நாளெல்லாம் ஒயினுக்கு நடுவில் இருந்துவிட்டு ஒரு சொட்டும் உள்ளே போகாமல் வீடு வருவாள். விழுங்குவது வீட்டில்தான். ஏரியைப் பார்த்த பின்பக்க மரத்தளத்தில், தன் நாற்காலியில், மாலையில் ஒரே ஒரு கோப்பை. பக்கத்து நாற்காலியில் காபியும் புத்தகமுமாக நான். ஊர் நூலகத்தில் வேலை பார்த்தவன். என் மூக்குக்குப் பழைய காகிதம் தவிர எந்த வாசனையும் தெரியாது என்பாள்.

அந்த வசந்தத்தில் அவளுடைய இதயம் வீங்கிப் பலமிழந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். உப்பைக் குறைக்க வேண்டும், மதுவை அடியோடு விட வேண்டும். வாயில் வைத்துத் துப்பினால் பரவாயில்லையா என்று ஆர்டித் கேட்டாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, ஆல்கஹாலை எடுத்துவிட்ட ஒயின் இப்போது கடைகளில் கிடைக்கிறது, அதைத் தாராளமாகக் குடிக்கலாம் என்றார். திரும்பும் வழியெல்லாம் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக எங்களைக் கடந்து போயின. வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"தண்ணி இல்லாத ஏரியக் காட்டி நீந்துங்கறாரு."

அன்றிலிருந்து அவள் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. கோப்பை இல்லாமல் ஏரியைப் பார்க்க என்ன இருக்கிறது என்றாள். மாலைகளில் நான் மட்டும் வெளியே இருந்தேன். உள்ளே அவள் எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும். எங்களுக்கு மிச்சம் இருப்பது அதிக மாலைகள் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவளை அந்த நாற்காலிக்குத் திரும்பக் கொண்டுவர ஒரு பாட்டில் போதும் என்று நான் நம்பினேன். ஏரியைச் சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் போனேன். சோடா அடுக்குகளுக்குப் பக்கத்தில், யாரும் குனியாத தட்டுகளில், ஆல்கஹால் எடுத்த ஒயின்கள் இருந்தன.

ஒவ்வொன்றையும் அவள் துப்பினாள். சிவப்பெல்லாம் காய்ச்சிய பழச்சாறு. வெள்ளையில் ஒன்று ஆப்பிள் ரசம், இன்னொன்று நனைந்த அட்டைப்பெட்டி. நுரைக்கிற ஒயின் ஒன்றை மட்டும் வெகுநேரம் வாயில் வைத்திருந்தாள். விழுங்குவாளா என்று நான் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தொட்டியை நோக்கிக் குனிந்தாள். "நல்லா நடிக்குது. குமிழி அடங்கினா வேஷம் கலைஞ்சிடும்." அந்தக் கோடையில் பகலில் கண்ணசரும்போதெல்லாம் அவள் கழுத்துதான் கனவில் வந்தது. தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல வெளுத்து, அசையாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரொசால்பா வருவாள். அதே ஆலைக்கு வருகிறவர்களுக்கு ஒயின் ஊற்றிக் கொடுப்பவள், ஆர்டித்தின் பழைய தோழி. "அடியே, உன் தொட்டிக்குத்தான் இப்ப ஊர்லயே நல்ல நாக்கு" என்று சீண்டுவாள். வெற்றிடத்தில் இளஞ்சூட்டில் ஆல்கஹாலைப் பறக்கவிடும்போது பாதி வாசனையும் கூடவே போய்விடுகிறது என்று எனக்கு விளக்கியது அவள்தான். இயல்பிலேயே புளிப்பு உள்ள வெள்ளைத் திராட்சை என்றால் கொஞ்சம் தாங்கும், ரீஸ்லிங்கில் செய்த ஒன்றைப் பார் என்றாள். அன்றே வாங்கிவந்தேன். ஜெர்மனியிலிருந்து வந்தது, பச்சைப் பாட்டில், திருகு மூடி. ஆர்டித் அதைத் தொடவே இல்லை. அவள் வாழ்க்கையெல்லாம் சுவை பார்த்தது ரீஸ்லிங்கைத்தான்.

"அது மட்டும் வேணாம் க்ளெம். அதையும் இப்படிப் பாத்துட்டா எனக்குன்னு ஒண்ணும் மிஞ்சாது."

அக்டோபர் வந்தது. அறுவடை நாட்களில் எங்கள் ஊர்க் காற்றே நசுங்கிய திராட்சைத் தோலின் வாசனை அடிக்கும். துவைத்துக் காயப்போட்ட துணியில்கூட இருக்கும். ஒரு பிற்பகல், ஏரிமேல் பனி இறங்கி எதிர்க்கரை காணாமல் போயிருந்தது. வெள்ளைப் புகைக்குள் எங்கேயோ ஒரு டிராக்டர் முனகிக்கொண்டிருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலருகே நின்றிருந்த ஆர்டித், திரும்பாமலே, அதை எடு என்றாள்.

பச்சைப் பாட்டிலைத் திறந்தேன். ஊற்றிக் கொடுத்தேன். அவள் தொட்டிப் பக்கம் போகவில்லை. கோப்பையை ஏந்திக்கொண்டு மெல்லக் கதவைத் தாண்டி, மரத்தளத்துக்குப் போய், தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். முகர்ந்தாள். கண்ணை மூடி மறுபடி முகர்ந்தாள். ஒரு வாய் எடுத்தாள். டிராக்டர் சத்தம் நின்றுபோனதுபோல இருந்தது. அவள் கழுத்து அசைந்தது.

"மழை விழுந்த பலகைக்கல் வாசனை இருக்கு," என்றாள். "ஆனா தூரத்துல. பக்கத்து வீட்டுல யாரோ ரீஸ்லிங் குடிக்கற மாதிரி."

சற்றுநேரம் கழித்து, "பரவால்ல, நல்ல பக்கத்து வீட்டுக்காரங்கதான்" என்று இன்னொரு வாய் எடுத்தாள்.

பனிக்காலம் முற்றும்வரை தினமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்போதும் இரண்டு பாட்டிலாக வாங்கச் சொன்னாள். பிப்ரவரியில் போய்விட்டாள்.

எங்கள் நிலவறையில் அவள் ஒயின்கள் படுத்திருக்கும் மரச்சட்டம் ஒன்று உண்டு. மேல் வரிசை அந்த வருடத்துக்கு. நடு வரிசை பொறுத்துக் குடிக்க. கீழ் வரிசை பத்து வருடமாவது தொடக்கூடாதவை. அவளுக்குப் பிறகு ரொசால்பாவும் நானும் ஞாயிறுதோறும் மேலிருந்து குடித்து வந்தோம்; காபிக்காரனான நான் அந்த வயதில் ஒயின் குடிக்கக் கற்றுக்கொண்டேன். சில வருடங்கள் இப்படிப் போயின. சென்ற அக்டோபரில் கீழ் வரிசைக்குக் குனிந்தபோது, கார்க் மூடிகளுக்கு நடுவே ஒரு திருகு மூடி தெரிந்தது. அந்தப் பச்சைப் பாட்டில்களில் ஒன்று. கார்க் காயாமலிருக்கத்தான் ஒயினைப் படுக்கவைப்பார்கள். திருகு மூடிக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் மற்றவற்றைப்போலவே பெயர்ச்சீட்டு மேலே தெரிய, அலுங்காமல் படுக்கவைத்திருந்தாள்.

ரொசால்பா அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஆல்கஹால்தான் ஒயினுக்கு ஆயுசு. இதையெல்லாம் ஒண்ணு ரெண்டு வருஷத்துல குடிச்சிடணும். இது எப்பவோ செத்திருக்கும், க்ளெம்." சொன்னதும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆர்டித்துக்கு இது தெரியாதா என்று கேட்டேன்.

"அவ தெரியாம வெப்பாளா?"

மேலே கொண்டுவந்து சமையலறையில் திறந்தேன். மூடி சின்னதாகச் சடசடத்தது. கோப்பையில் பால் விடாத தேநீரின் நிறத்தில் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே பனி. எதிர்க்கரை இல்லை, இரண்டு நாற்காலிகள் மட்டும் இருந்தன. தொட்டியருகில் நின்று ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினேன், அவள் செய்வதுபோல.

ரொசால்பா என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.