திருப்பி வைத்த மூடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு புகைப்பட ஆசைதான் இந்தக் கதைக்குக் காரணம். எங்கள் வீட்டு வாசலில் பாதாளச் சாக்கடை மூடி ஒன்று இருக்கிறது. அதில் 'நகர டிராம் கம்பெனி' என்று வார்த்திருக்கிறார்கள். இந்த ஊரில் டிராம் ஓடியதாக யாருக்கும் நினைவில்லை. தண்டவாளம் இல்லை, படம் இல்லை, மிச்சம் இந்த இரும்புதான். எழுத்தாளன் சும்மா இருப்பானா?

2

'நகரம் மறந்ததை இரும்பு நினைவில் வைத்து' [வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.]

'காலம் குத்திய வட்ட முத்திரை' [இது அதைவிட மோசம்.]

3

வாசலில் நின்று படமெடுக்கப் பார்த்தால் எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. அடைப்பு எடுக்க வந்த தொழிலாளியிடம், மூடும்போது திருப்பி வைக்கச் சொன்னேன்.

"வேணாம் சார். இத்தனை வருஷமா ஒரே மாதிரி உக்காந்து தேஞ்ச மூடி. திருப்புனா ஆடும். அதுக்குத்தான் எடுக்கறதுக்கு முன்னாடியே சாக்பீஸ்ல கோடு போட்டுக்கறோம்."

"அட, வரலாறுங்க இது! வர்றவங்க போறவங்க படிக்கட்டும்."

திருப்பி வைத்தார். (இவ்வளவு சுலபமாக இணங்குகிற பாத்திரமா என்று விமர்சகர் உதட்டைப் பிதுக்குவார். சற்றுமுன்தான் தொழிலாளியை உள்ளே உட்காரவைத்து டீ கொடுத்திருந்தேன். இந்தத் தெருவில் அதுவரை யாரும் கொடுத்ததில்லையாம்.)

4

மூன்றாம் நாள் எதிர்வீட்டுத் தையல்காரம்மா அதில் கால் வைத்தார். மூடி ஆடியது, கணுக்கால் முறிந்தது. மெஷின் மிதிக்கிற கால். அந்நேரம் நான் 'நினைவின் எடை' என்று தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன்.

தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். போன் செய்தார்.

"நாளைக்கு விசாரணை சார். நான் சொன்னா நம்பமாட்டேங்கறாங்க. நீங்க சொல்லித்தான் திருப்புனேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தா வேலை போகாது."

"எழுதிட்டேதாங்க இருக்கேன்" என்றேன். பொய்யில்லை, இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ரெண்டு வரி கேட்டா நாலு பக்கமா? ஏங்க, உங்க வேலையா போகப்போகுது?"

5

முடிவு ஒன்று: அதிகாரி மனமிரங்குகிறார். [அவர் கதை படிக்கிறவரில்லை.]

முடிவு இரண்டு: தையல்காரம்மா மன்னிக்கிறார். [அதை அவரல்லவா சொல்ல வேண்டும்? போய்க் கேட்க எனக்குத் தைரியமில்லை.]

வெட்கமாக இருக்கிறது. முடிவை வாசகரிடம் விடுவது எங்கள் தொழிலில் கௌரவமான உத்தி. பயந்தாங்கொள்ளிக்கு அதைவிட வசதி ஏது? உங்களிடமே விடுகிறேன். விசாரணை காலை பத்து மணிக்கு.

'ஐயா, மூடியைத் திருப்பி வைக்கச் சொன்னது