முனியாண்டி குடியேறிய காணி

சண்முகராஜாவுக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது. ராகலைக் கடைவீதியில் அவர் இருபது வருஷமாக மளிகைக்கடை நடத்தும் கட்டடத்தைச் சொந்தக்காரர் விற்கப்போகிறார். மாத முடிவுக்குள் முன்பணம் கட்டினால் அவருக்கே. இல்லையென்றால் காலி செய்ய வேண்டும்.

ஐந்து வருஷத்துக்கு முன் பெரிய சீட்டு விழுந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் பணத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனோரஞ்சிதம் தன் பாதியைக் கொழும்புப் பங்குச் சந்தையில் போட்டாள். அவர், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து எல்லையில் இருபது பேர்ச் காணி வாங்கினார். அவருடைய அப்பா தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்தவர். அந்த வம்சத்தில் காணி உறுதிப் பத்திரத்தில் பேர் ஏறிய முதல் ஆள் இவர்தான். நாடு நொடிந்து பங்குகள் சரிந்த வருஷம், சோற்றுத் தட்டின் முன் உட்காரும்போதெல்லாம் மனைவியைச் சீண்டினார். காணி ஓடியா போகும் என்பார்.

பிறகு பங்குகள் ஏறின. இப்போது அவள் கைபேசியிலேயே எல்லாவற்றையும் விற்றாள். அந்த வாரமே பணம் வங்கிக்கு வந்துவிட்டது. முன்பணத்தில் பாதி தேறியது. மீதிக்குக் காணியை விற்க வேண்டும்.

நானுஓயாவிலிருந்து யோகேஸ்வரன் பார்க்க வந்தார். மரக்கறி லொறிகள் வைத்திருப்பவர். உறுதி, பாதை, தண்ணீர் எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. நடுவிலிருந்த மரத்தடிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினார்.

காணி வாங்கிய சந்தோஷத்தில் சண்முகராஜாவே அங்கே முனியாண்டிக்குக் கல் நட்டு, கிடாய் வெட்டி, தோட்டத்துக்கே சோறு போட்டிருந்தார். அதோடு அவர் மறந்துவிட்டார். தோட்டம் மறக்கவில்லை. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கும்பிட்டார்கள். தகரக் கூரை வந்தது, மணி வந்தது, கிளையெல்லாம் பிள்ளை வரம் கேட்ட துணித்தொட்டில்கள் தொங்கின.

"சாமிய எடுத்துட்டுக் குடுங்க, நாளைக்கே அட்வான்ஸ் தாரேன்," என்றார் யோகேஸ்வரன்.

மறுநாள் விடிந்ததும் சண்முகராஜா கல்லைப் பெயர்க்க அலவாங்கோடு போனார். மரத்தடியில், கொழுந்தெடுக்கும் பெண்களில் ஒருத்தியான ஜெயந்தினி தன் கைக்குழந்தையைக் கல்லின் முன் கிடத்தியிருந்தாள்.

"ஏழு வருசமா இல்லாத புள்ள மொதலாளி. நீங்க கல்லு வச்சீங்க, நான் தொட்டில் கட்டுனேன், பொறந்துச்சு," என்றவள் அலவாங்கைப் பார்த்தாள். "திருவிழாக் கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்ட வந்தீங்களா?"

அவர் தலையாட்டினார். பிறகு தோண்ட வேண்டியிருந்தது.

அன்று மாலை லயத்திலிருந்து மேளத்தோடு வந்தார்கள். காணிக்காரர்தான் காப்புக் கட்ட வேண்டுமாம். அவர் வாய் திறக்குமுன் மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டது. காப்புக் கட்டியவர் திருவிழா நடக்கும் ஒன்பது நாளும் ஊரெல்லையைத் தாண்டக் கூடாது.

மீதிப் பணத்துக்கு ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. நோர்வூட்டில் ஒன்றுவிட்ட தம்பி சின்னராசா கடன் தரச் சம்மதித்தான். ஆனால் அண்ணன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றான்.

கெடு முடிவதற்கு முந்திய நாள், நோர்வூட்டுக்குப் போக ஏற வேண்டிய நுவரெலியா பஸ் நிற்கும் இடத்தில் மனோரஞ்சிதம் கத்தரிக்கோலோடு நின்றாள்.

"அறுத்துட்டு ஏறுங்க. சாமி குத்தம் வந்தா என் தலையில வரட்டும்."

"ஜெயந்தினி புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா, தோட்டமே என் வாசல்ல நிக்கும் ரஞ்சிதம்."

"என் பங்குல எந்தச் சாமியும் வந்து குந்தல," என்றாள். குரல் உயரவில்லை.

கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினான். சண்முகராஜா மணிக்கட்டைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றார்.

மாத முடிவில் கடைச் சாவியை நுவரெலியாவிலிருந்த கட்டடச் சொந்தக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவள் மனோரஞ்சிதம். அவர் அப்போது மரத்தடியில், இரவு பூசைக்குத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.