நாகுவின் மூன்று நாள்

மஹாதேவன் ஓய்வைப் பற்றிப் பேசிய ஞாயிற்றுக்கிழமை, அவர் பெண்டாட்டி நாகலக்ஷ்மி அடுக்களையில் இருபத்திரண்டு பேருக்கு உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அவர் குரல் கணீரென்று வந்தது. களைப்பு மனசுக்குத்தானாம், உடம்புக்கு இல்லையாம். மனசை அடக்கினவனுக்கு நின்றுகொண்டே ஓய்வு கிடைக்குமாம். கேட்க வந்த ஆபீஸ் உத்தியோகஸ்தர்களில் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து தூங்கினார்கள். என் வீட்டுக்காரர் வெங்கடராமன் குறட்டையே விட்டார். அவர்களுக்காவது ஓய்வு கிடைத்தது. நாகுவும் நின்றுகொண்டேதான் கிளறினாள்; முந்தானையால் நெற்றியைத் துடைத்துத் துடைத்து அந்த முந்தானையே நனைந்துபோயிருந்தது.

பவானிபூரில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் அவர்கள். நாங்கள் கல்கத்தாவுக்கு வந்து ஆறு வருஷம், அவர்கள் வந்து நாலு. மஹாதேவன் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் பெரிய உத்தியோகம். ஏதோ இங்கிலீஷ் புஸ்தகத்தைப் படித்துவிட்டு மாசத்துக்கு நாலு உபந்நியாசம் வகுத்து வைத்திருந்தார். முதல் வாரம் வந்ததை ஏற்றுக்கொள்வது, இரண்டாம் வாரம் ஓய்வு, மூன்றாம் வாரம் நன்றி, நாலாம் வாரம் விடாமுயற்சி. மாசம் பிறந்தால் மறுபடி முதலிலிருந்து. நன்றி வாரத்தில் காலையில் கிடைக்கிற காப்பிக்காக ஈஸ்வரனுக்கு நன்றி சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அந்தக் காப்பியை யார் போட்டார்கள் என்பது அவருக்கு ஞாபகம் வந்ததாக எனக்குத் தெரியாது.

கார்ப்பரேஷன் குழாய்க்குள் தோல் வாஷர் வைத்திருக்கிறார்கள், தோல் பட்ட ஜலம் மடிக்கு ஆகாது என்று யாரோ டிராமில் சொன்னார்களாம். அதிலிருந்து மாடியில் சமையலுக்குக் கிணற்று ஜலம்தான். மடியாக நாகுவே இறைத்து, நாகுவே மாடிக்குத் தூக்க வேண்டும். தினம் பன்னிரண்டு குடம். மீன் தின்கிற ஊர், அதனால் கூலிக்கு உள்ளூர் ஆளை அடுக்களைக்குள் விடக் கூடாது. மழைக்காலத்தில் அவளுக்கு மூன்று தடவை ஜுரம் வந்தது. நடுக்கம் விட்ட மறுநாளே கிணற்றடியில் நிற்பாள். உடம்பு பாதியாகிவிட்டது. பின்கட்டில் இருந்த வீட்டுக்காரப் பெங்காலி அம்மாள் பொறுக்க முடியாமல் தானே டாக்டர் பாபுவை அழைத்துவந்தாள். அவர் நாடி பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஒரு மாசம் பிஸ்ராம், அதாவது ஓய்வு, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, இல்லாவிட்டால் அடுத்த ஜுரத்துக்கு இந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மஹாதேவன் அவரை வாசல்வரை கொண்டுவிட்டு அழகான இங்கிலீஷில் நன்றி சொன்னார். திரும்பி மாடியேறி வந்து பெண்டாட்டியிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"டாக்டர்னா அப்படித்தான் பயமுறுத்துவான். வந்ததை ஏத்துண்டா பாதி வியாதி தானாப் போயிடும். நாளைக்கு எனக்கு ஒன்பது மணி டிராம்."

நாகு தலையை ஆட்டினாள். மறுநாள் காலையில் மாடிப்படி முடிகிற இடத்திலிருந்த சின்ன அறையில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தூரம்.

எங்களவர்களில் பெண்களுக்கென்று இருந்த லீவு மாசத்தில் அந்த மூன்று நாள் மட்டும்தான். அடுக்களைக்குள் வரக் கூடாது, கிணற்றடிக்குப் போகக் கூடாது, யாரும் தொடக் கூடாது. எங்களைத் தள்ளிவைத்துவிட்டதாக ஆண்கள் நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் படுத்துக்கொள்வோம். அந்த மூன்று நாளும் மஹாதேவன் சமைத்தார். சாதம் ஒரு நாள் அரிசியாக இருந்தது, ஒரு நாள் கஞ்சியாக இருந்தது. இரண்டு தடவை டிராமைத் தவறவிட்டார். விடாமுயற்சி உபந்நியாசம் அந்த வாரம் நடக்கவில்லை.

நாலாம் நாள் நாகு குளித்துவிட்டு உள்ளே வந்தாள். ஒன்பது நாள் கழித்து மறுபடியும் பாய் வெளியே வந்தது. அப்புறம் எட்டே நாளில் இன்னொரு தடவை. நான் கஞ்சி கொண்டுபோய் எட்டத்தில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஆசாரம் கெட்டுப்போயிற்றே என்று கோபமில்லை. இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியும் இப்படி ஒன்று செய்யலாமென்று எனக்குத் தோன்றவேயில்லையே என்றுதான். ஜுரத்தோடும் சமைத்திருக்கிறேன், பிரசவத்துக்கு முதல் நாள் வரையிலும் மாவரைத்திருக்கிறேன். சமர்த்து என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இப்போது எனக்கு அது நின்று இரண்டு வருஷம். லீவும் அதோடு நின்றுவிட்டது.

அந்த மூன்றாவது தடவைதான் வினை வந்தது. மறுநாள் மஹாதேவனுடைய அப்பாவுக்குத் திதி. பிராமணார்த்தம் சாப்பிட இரண்டு பேரைச் சொல்லியாகிவிட்டது. அவருக்குச் சந்தேகம் தட்டியிருந்தது. ஆனால் பெண்டாட்டியிடம் எப்படிக் கேட்பார்? கேட்கிற விஷயமா அது? என் வீட்டுக்காரரைத் தூது அனுப்பிப் பார்த்தார். அவர் என்னிடம் வந்து தொண்டையைக் கனைத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீராதிவீரர். கடைசியில் மஹாதேவனே மத்தியானம் நான் மாடியில் இருக்கும்போது வந்து, நாகுவின் அறைக்கு நாலு முழம் தள்ளி நின்றார். அவளுக்கு அன்று காலையிலிருந்தே கண் சிவந்திருந்தது. போர்த்திக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மேலே உத்தரத்தைப் பார்த்தார்.

"இவ நெஜமாவே தூரந்தானா? நீங்க விசாரிச்சுச் சொல்லணும்."

ஆமாம் என்றேன். பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைக் கண்டால்தான் எனக்கு எப்போதும் ஆகாது.

"அப்போ நாளைக்கு நீங்கதான் பண்ணிக் குடுக்கணும். உங்களுக்குத்தான் இப்போ அந்தத் தொந்தரவு இல்லையாமே."

இதைக்கூட என் வீட்டுக்காரர் டிராமில் இவரிடம் பேசியிருக்கிறார். ஒன்பது மணி டிராமில், கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்து, இதை.

பாயில் நாகு அசைந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். உதடு வெடித்திருந்தது. எனக்காகத்தான் எழுந்தாள். திதிச் சமையல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். விடியுமுன் தலைக்கு ஜலம் விட்டுக்கொண்டு, ஈரப்புடவையோடு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பிற்பகல்வரை அடுப்படியில் நிற்க வேண்டும்.

"ஏன்னா," என்றாள். "நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு…"

சொல்லிவிடுவாள் என்று தெரிந்துவிட்டது. சொன்னால் நாளைக்கு விடியுமுன் இவளைக் கிணற்றடியில் நிறுத்துவார். அடுத்த ஜுரத்துக்குத் தாங்காது என்றாரே டாக்டர், அந்த ஜுரம் இதோ கண்ணில் நிற்கிறது. நான் வாசற்படியைத் தாண்டி உள்ளே போனேன். அவள் பாயிலேயே உட்கார்ந்து, அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் வாய் அப்படியே நின்றுபோயிற்று.

"நானும் தொட்டுட்டேன்," என்றேன்.

மஹாதேவன் ஓரடி பின்னால் போனார்.

"அதனால என்ன? ஸ்நானம் பண்ணிட்டா தீட்டுப் போயிடும்."

"பண்ணினா போயிடும். நான் பண்ணப்போறதில்லை."

அவருடைய நாலு வாரத்து உபந்நியாசத்திலும் இதற்கு ஒன்றும் அகப்படவில்லை. நாளைக்கு என்ன ஆகும், என் வீட்டில் இன்று ராத்திரி யார் சமைப்பார்கள், இந்தச் சந்திலுள்ள எங்கள் ஜனம் என்னை என்ன சொல்லும் என்றெல்லாம் எனக்கும்தான் தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது. நான் பிடித்திருந்த நாகுவின் கை அடுப்பிலிருந்து இறக்கின கரண்டிக்காம்பு மாதிரி கொதித்தது. டாக்டர் பாபுவுக்குச் சொல்லி அனுப்பும்படி வீட்டுக்கார அம்மாளை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். கீழே முற்றத்தில் அவள் பதில் குரல் கொடுத்துவிட்டு ஓடுவது கேட்டது.

நாகு சுவரோரமாக நகர்ந்து எனக்குப் பாயில் இடம் விட்டாள். பட்டப்பகலில், அடுத்தவர் வீட்டில், நான் காலை நீட்டிப் படுத்தேன். வாசலில் மஹாதேவன் அங்கவஸ்திரத்தின் நுனி எங்கள் பக்கம் வந்துவிடாதபடி இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.