முதுகுப் பக்கத்துக் காற்று

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்தால் அசிங்கம். அனமும் நானும் புதுச்சேரியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவள் கல்யாணமாகி பிரான்சுக்குப் போய், மலைகளுக்கு நடுவே இடுங்கிக் கடலில் முடியும் ஒரு பள்ளத்தாக்கில் குடியேறினாள். நான் புதுச்சேரியிலேயே, சாரம் பகுதியில் ஒரு மாடிப் போர்ஷனில் பதினோரு வருடமாகக் கதை எழுதுகிறேன். அவள் வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடம் பேசி அனுப்பி, அத்தனையையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறாள்.

“அமுதா, இங்க ராத்திரியானா மலை மேல காத்து குளுந்து கனமாயிடுதுடி. கனம் தாங்காம பள்ளத்துல எறங்குது. வழியோ குறுகலு, பின்னால வர்றது நெட்டித் தள்ளுது. வெடியக்காலையில எங்க தெருவுக்கு வர்றப்போ ஆளையே சாய்க்குது.”

(வயிறு எரிந்தது. காற்றுகூட அவளுக்குத்தான் வாய்க்கிறது.)

2

தொடக்கங்கள்:

பள்ளத்தாக்கின் வாயில் நின்றிருந்த அவளுடைய கூந்தல்... வேண்டாம்.

காற்று என்பது ஒரு... சீ.

மூன்றாவது நின்றது. அனம் என்றொரு பெண் படகுத்துறையில் கடலைப் பார்த்து நிற்கிறாள். கடலிலிருந்து பெருங்காற்று வந்து அவளை மலைப்பாறையில் மோதிக் கொல்கிறது.* ஒரு பத்திரிகை உடனே ஏற்றுக்கொண்டது.

* முதலில் நஜீமா என்று பெயரை மாற்றியிருந்தேன். கொல்லும்போது சுகமாக இல்லை. திரும்ப மாற்றிவிட்டேன்.

3

அச்சுக்குப் போவதற்கு முன் அவளுக்கு அனுப்பினேன். நல்ல மனதால் அல்ல. அவளுக்கு வலிப்பதை நான் கேட்க வேண்டும்.

சிரித்தாள்.

“என்னக் கொன்னுட்டியா! சரி, போ. ஆனா காத்தத் தப்பா எழுதியிருக்கடி. சாயங்காலம் பீச் ரோட்டுல ஒக்காந்து வாங்குறியே, அந்தக் காத்துதான் ஒனக்குத் தெரியும். இது கடல்லேர்ந்து வராது. மலையிலேர்ந்து, முதுகுப் பக்கமா வரும். பள்ளம் முடிஞ்சு கடல் தொறக்குற எடத்துலதான் வேகம் ஜாஸ்தி. என்னப் பாறையில மோத வுடாத, கடலுக்குள்ள தள்ளு.”

எங்கள் ஊரில் யார் எழுதியிருந்தாலும் இந்தத் தப்பு வந்திருக்கும். காற்றுக்காகக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் தன் சாவைக்கூட என்னைவிட நன்றாக எழுத அவளுக்குத் தெரிகிறதே, அதை எப்படிப் பொறுப்பது?

4

மாற்று முடிவுகள்:

அ) காற்று அவளைக் கடலில் தள்ளுகிறது.

ஆ) படகுத்துறைக் கம்பியைப் பிடித்துத் தப்பி

இதை எழுதும்போது இன்னொரு குரல்பதிவு வந்தது. இந்த முறை சிரிப்பு இல்லை.

“ஒண்ணு சொல்லட்டா? இந்தக் காத்தப் பத்தி நானே எழுதணும்னு ஒரு நோட்டு வாங்கி, பாதி எழுதிட்டேன். சரியா வருதான்னுதான் தெனமும் ஒங்கிட்ட பேசிப் பேசிப் பாத்தேன். பரவால்ல. நீதான் எழுத்தாளர். நான் நிறுத்திக்கிறேன்.”

ஒரு நிமிடம் முழுக்க சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அடுத்த நிமிடம் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

5

‘என் கதையைப் போட வேண்டாம்’ என்று பத்திரிகைக்கு ஒரு வரி தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே இந்தப் புதிய வடிவமும் தயார். அவளுடைய கடைசிப் பதிவையும் இதில் சேர்த்துவிட்டேன், கதை அதில்தான் எழுந்து நிற்கிறது.

இரண்டில் எதை அனுப்பினேன் என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.