காரைக் குளிப்பாட்டிய நாள்

ஸ்பிரிதோனுக்கு இரண்டு பிறந்தநாள். முதலாவது எல்லோரையும் போல. இரண்டாவது ஜனவரி பதினேழு. அன்று மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவர் ஒரு ஜப்பான் காரின் வயிற்றிலிருந்து பிறந்தார். பிறந்தபோது வயது அறுபத்தெட்டு, எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ, மீசை முழுசாக இருந்தது. தலை முதலில் வரவில்லை, கால்தான் வந்தது. அதுவும் மஞ்சள் ரப்பர் செருப்பு மாட்டிய கால். பிரசவம் பார்த்தவன் அவருடைய மச்சான் புரோகோப்பி.

யாகூத்ஸ்கில் இந்தக் கதையை அவர் சொல்லாத வீடு ஒன்று இருந்தால் அது இன்னும் கட்டி முடிக்காத வீடாகத்தான் இருக்கும். சொல்லி முடித்ததும் எல்லோரும் புரோகோப்பியின் முகத்தைப் பார்ப்பார்கள். அக்காள் புருஷனின் வாய்ச்சவடாலை அளந்து வெட்டுவதுதான் அவனுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. "புளுகு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, சீவி வைத்த உறைமீனில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பிரிதோனின் மனைவி வர்வாரா கண்ணில் புரை எடுத்துக்கொண்டு நோவோசிபிர்ஸ்கிலிருந்து மூன்று மணி விமானத்தில் வருகிறாள். ஆறு வருஷமாக மங்கலாகவே உலகத்தைப் பார்த்தவள். "தெளிஞ்ச கண்ணோட என் பொண்டாட்டி ஏறப்போறது இந்த அழுக்கு மூட்டையிலயா?" என்று ஸ்பிரிதோன் தன் காரைப் பார்த்தே கேட்டார். கார் அக்டோபரிலிருந்து குளிக்கவில்லை. மேலே படிந்திருந்த கரும்பனியைச் சுரண்டி எடுத்தால் இன்னொரு சின்னக் கார் செய்துவிடலாம்.

சதுக்கத்துப் பலகை மைனஸ் ஐம்பத்தொன்று காட்டியது. அந்தக் குளிரில் அண்டங்காக்கை கரைந்தால் சத்தம் பாதியில் உறைந்து பொத்தென்று தெருவில் விழும். புத்தியுள்ளவன் காரைக் கழுவ மாட்டான். ஸ்பிரிதோன் போனார்.

ஊர்க்கோடியில் இரட்டைக் கதவு போட்ட கழுவும் கொட்டகை. உள்ளே நீராவியும் வெந்நீரும் சோப்பு நுரையும். தரையெல்லாம் ஈரம். மான்தோல் பூட்சும் ரோமக் கோட்டும் நனைந்தால் வெளியே போனதும் மரப்பலகையாகிவிடும் என்று அவற்றைக் கழற்றி டிக்கியில் போட்டார். அங்கேயே கிடந்த மஞ்சள் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஸ்வெட்டரோடு நின்று, "அந்த மூலை... இல்லம்மா, அதுக்குக் கீழ..." என்று வேலை வாங்கினார்.

கழுவி முடித்த துயாரா என்ற பெண் சொன்னாள்: "தாத்தா, நாலு கதவையும் திறந்துபோட்டு அரை மணி நேரம் இங்கயே நிக்கட்டும். ரப்பரைத் துடைச்சு கிரீஸ் தடவி விடறேன். இல்லேன்னா வெளிய போனதும் கதவு ஒட்டிக்கும்."

"பாப்பா, மைனஸ் எழுபதுல காரைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கல்யாணத்துக்குப் போனவன் நான்."

"எழுபது இந்த ஊர்ல வந்ததே இல்லையே தாத்தா."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி!"

செருப்பைக்கூடத் திருப்பிக் கொடுக்காமல் ஏறிக் கிளம்பிவிட்டார். பெட்ரோல் விளக்கு மஞ்சளாக எரிந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கராஜில் இருக்கும் முயல்தோல் போர்வையை எடுக்க வேண்டும், வர்வாராவின் மடியில் போட.

கராஜ்கள் ஊருக்கு வெளியே, கொட்டகையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். வரிசையாக இரும்புக் கதவுகள், மனித நடமாட்டம் இல்லை. பனிமூட்டமோ வெட்டி எடுத்துச் செங்கல்லாக அடுக்கலாம் போல. அவருடைய கராஜ் வாசல் லேசான சரிவு. பளபளக்கும் பம்பர் கதவில் இடித்துவிடக் கூடாதே என்று ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். அந்த ஊரில் தொட்டில் பிள்ளைகூடக் குளிர்காலத்தில் ஹேண்ட்பிரேக்கைத் தொடாது. ஈரக் கம்பி உறைந்தால் சக்கரம் அசையாது. அவருக்கும் தெரியும். பம்பரின் பளபளப்பு கண்ணை மறைத்துவிட்டது.

இறங்குவதற்கு முன் மச்சானிடம் பீற்றிக்கொள்ளாவிட்டால் எப்படி? போனைப் போட்டார். கால் மணி நேரம் பேசினார்.

"வண்டியில முகம் பார்த்து ஷேவிங் பண்ணலாம் மச்சான்."

"உங்க முகத்தப் பார்த்தா வண்டி பயந்துடும் அத்தான். வைங்க."

சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தோளால் இடித்தார். கார்தான் ஆடியது. பக்கத்துக் கதவு, பின்கதவு, அதற்கு அடுத்தது. நான்கும் ஒரே இரும்பாக இறுகிப்போயிருந்தன. சரி, திரும்பிக் கொட்டகைக்கே ஓட்டிவிடுவோம் என்று கியரைப் போட்டார். எஞ்சின் முக்கியது, முனகியது. சக்கரம் நகரவில்லை.

ஜன்னல் பொத்தானை அழுத்தக் கை போனது, பாதியில் நின்றது.

ஜன்னல் இறங்காது. குளிர் நுழையாமல் இருக்க எல்லா ஜன்னலிலும் இரண்டாவது கண்ணாடியைத் தன் கையாலேயே ஒட்டியிருந்தார், ஊரெல்லாம் பெருமையடித்த வேலை. உடைக்கலாம். உடைத்து? நூற்றுப் பன்னிரண்டு கிலோ அந்த ஓட்டை வழியே போகாது. போனாலும் ஸ்வெட்டரும் ரப்பர் செருப்புமாக ஐம்பத்தொன்றில் நிற்க வேண்டும். கோட்டும் பூட்சும் டிக்கியில். டிக்கியும் உறைந்திருக்கும்.

அவசர எண்ணுக்கு அடித்தார். மூட்டத்தில் ஆறு வண்டிகள் மோதிக் கிடக்கின்றன, நாற்பது நிமிஷமாவது ஆகும் என்றார்கள். பெட்ரோல் முள் அடியில் படுத்திருந்தது. நாற்பது நிமிஷம் அது தாங்காது.

மறுபடி புரோகோப்பி.

"மச்சான், காருக்குள்ள மாட்டிக்கிட்டேன். கராஜ் வாசல்ல. கதவு திறக்கல, சக்கரம் சுத்தல."

அந்தப் பக்கம் வெடித்துச் சிரித்தான். "போன வருஷம் கராஜுக்குள்ள கரடின்னீங்க. துப்பாக்கியத் தூக்கிட்டு ஓடி வந்தேன். நீங்க உள்ள உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தீங்க. என்னை இன்னும் எத்தனை தடவைதான் முட்டாளாக்குவீங்க?"

"இது நிஜம்டா!"

"கரடியும் நிஜம்தான் அத்தான்." வைத்துவிட்டான்.

எஞ்சின் ஒரு தடவை இருமியது. ஸ்பிரிதோன் ஸ்டீயரிங்கைத் தடவிக் கொடுத்தார், குதிரையைத் தடவுவது போல. இரண்டாவது தடவை இருமிவிட்டு நின்றது. அந்த அமைதி மாதிரி ஒன்றை அவர் அதுவரை கேட்டதில்லை. கண்ணாடியின் உள்பக்கம் ஓரத்திலிருந்து வெள்ளைப் பூ பூக்கத் தொடங்கியது. கால் விரல்கள் வலித்தன. கொஞ்ச நேரத்தில் வலிக்கவில்லை. அதுதான் அவரை நடுங்கவைத்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்ற லாரி ஒன்றின் கண்ணாடியைத் துடைத்து உள்ளே பார்த்தவர் ஸ்பிரிதோன்தான். டிரைவர் உட்கார்ந்தபடியே இருந்தான். தூங்குகிறவன் மாதிரி, நல்ல கனவு காண்கிறவன் மாதிரி. எதையும் பத்து மடங்கு ஊதிச் சொல்கிறவர் அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

போனில் சார்ஜ் நான்கு சதவீதம். மூன்றாவது தடவையாக அடித்தார்.

"எஞ்சின் நின்னுடுச்சு மச்சான்."

"ஆமாமா. இப்ப என்ன, மைனஸ் எண்பதா?"

ஸ்பிரிதோன் வாயைத் திறந்தார். வழக்கம்போல ஒரு பெரிய எண் வர வேண்டிய இடத்தில் எதுவுமில்லை. நிஜ எண்ணைச் சொல்லவே பயமாக இருந்தது. சொன்னால் அது உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடும் போல.

"அவ்வளவெல்லாம் இல்லடா," என்றார் மெதுவாக. "நாப்பது... நாப்பது இருக்கும். வர்வாராவை மட்டும் போய்க் கூட்டிட்டு வந்துரு. அவ குளிர்ல நிக்கக் கூடாது."

பதில் வருவதற்குள் போன் கறுத்துவிட்டது.

நம்பினானா, சிரித்தானா, தெரியாது. பின்சீட்டுக்குத் தவழ்ந்து போனார். சீட் உறைகளை உருவிச் சுற்றிக்கொண்டார். மிதியடிகளை நெஞ்சில் போட்டுக்கொண்டு, இடது கதவுப் பக்கம் காலை நீட்டிப் படுத்தார். தூங்காதே, தூங்காதே. பக்கத்து வீட்டு நாய்களின் பெயர்களைச் சொன்னார். வேலை பார்த்த கப்பல்துறையில் தன்னைத் திட்டிய மேலதிகாரிகளின் பெயர்களைச் சொன்னார். அந்தப் பட்டியல் நீளமாக இருந்தது அவருக்கு அதிர்ஷ்டம். நடுவில் எங்கோ உடம்பு கதகதப்பானது. ஆகா, எவ்வளவு சுகம் என்று நினைத்தார். உடனே அந்த லாரிக்காரனின் முகம் வந்தது. அலறி எழுந்து உட்கார்ந்தார்.

மூட்டத்துக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம். நெருங்கியது, தாண்டிப் போனது. ஸ்பிரிதோன் முன்சீட்டின் மேல் பாய்ந்து ஹாரனை முழங்கையால் அழுத்தினார். பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. சளி பிடித்த வாத்து கத்துவது போல ஒரு சத்தம். இன்னொரு தடவை, அதைவிடச் சின்னதாக. மூன்றாவதற்கு ஒன்றுமில்லை.

வெளிச்சம் நின்றது. பின்னோக்கி வந்தது.

"அத்தான்! அத்தான், இருக்கீங்களா?"

கைப்பிடியை இழுத்த புரோகோப்பியின் கையோடு கைப்பிடி ஒடிந்து வந்தது. கடப்பாரையை ஓங்கியவன் கண்ணாடிக்குள் தெரிந்த உருவத்தின் அளவைப் பார்த்து நிறுத்தினான். ஜன்னல் வழியாக எடுக்க முடியாது, உடைத்தால் உள்ளே மிச்சமிருக்கும் சூடும் போய்விடும். தன் ஜீப்பில் கயிற்றைக் கட்டி இழுத்தான். சக்கரம் சுற்றாத கார் சறுக்குவண்டி மாதிரி இரண்டு கிலோமீட்டர் வழுக்கிப் போனது. வழியெல்லாம் தலையை வெளியே நீட்டி, "தூங்கிடாதீங்க! எதாவது புளுகுங்க! சத்தமாப் புளுகுங்க!" என்று புரோகோப்பி கத்திக்கொண்டே ஓட்டினான்.

கொட்டகையில் துயாரா சூடு காற்றுக் குழாயை இடது பின்கதவில் பிடித்தாள். பத்து நிமிஷத்தில் ரப்பர் 'படக்'கென்று விட்டது. உள்ளேயிருந்து மஞ்சள் செருப்பு மாட்டிய இரண்டு கால்கள் நீண்டன. புரோகோப்பி அவற்றைப் பிடித்து இழுத்தான். விரல்கள் பிழைத்தன. சுண்டுவிரல் நகம் ஒன்று மட்டும் போனது.

"என் செருப்பு," என்றாள் துயாரா. பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

விமானம் மூட்டத்தால் இரண்டு மணி நேரம் தாமதம். வர்வாரா ஜீப்பில்தான் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் தன் புதுக் கண்ணால் காரைப் பார்த்தாள். ஜீப் வாரியிறைத்த கரும்பனி அதன் மேல் கூரை வரை அப்பியிருந்தது. "ஏங்க, நான் இல்லாத நேரத்துல இதை ஒரு தடவையாவது கழுவியிருக்கக் கூடாதா?" என்றாள்.

பிறகு ஸ்பிரிதோன் பிறந்த கதை ஊர் சுற்றியது. "வண்டி நின்னுச்சு, இழுத்துட்டு வந்தேன். மத்ததெல்லாம் புளுகு," என்பான் புரோகோப்பி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ஜூன் மாதத் திருவிழா. புல்வெளியில் புளித்த குதிரைப்பாலான குமிஸ் கோப்பை கைமாறி வந்தது. ஸ்பிரிதோன் எழுந்து, இடுப்பில் கை வைத்து, மீசையோடு பிறந்ததைச் சொன்னார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்து முடித்துவிட்டு வழக்கம்போல மச்சானைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் குமிஸை ஒரு வாய் குடித்தான். புல்லைப் பிடுங்கினான்.

"ரெண்டாவது தடவை, மாட்டிக்கிட்டேன்னு கூப்பிட்டப்ப நான் சிரிச்சேன்," என்றான். "வச்சிட்டேன். மூணாவது தடவை கூப்பிட்டு நாப்பதுன்னார். வெளிய ஐம்பத்தொன்னு. முப்பது வருஷத்துல இந்த மனுஷன் எதையும் குறைச்சுச் சொல்லி நான் கேட்டதில்ல. அப்பதான் எனக்குக் கை கால் ஓடல."

ஸ்பிரிதோன் மெல்ல உட்கார்ந்தார்.

"மீசையெல்லாம் இருந்துச்சு," என்றான் புரோகோப்பி. "கால்தான் முதல்ல வந்துச்சு. நான்தான் பிடிச்சு இழுத்தேன்."